கூட்டிவரப் போனவர்கள்

மதுரையில் இறங்கியதிலிருந்து எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. முதல் நாள் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் தீரவில்லை. வகுப்பில் கண் சொருகியது, பேருந்தில் சொருகியது, இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் ஒருமுறை சொருகியது. பிறகுதான் இது வெயிலின் வேலை என்று புரிந்தது. நான் தைப்பிங்காரன். மலேசியாவில் மழைக்குப் பேர்போன ஊர் அது. பிற்பகல் ஆனால் மலையிலிருந்து மழை இறங்கி வந்துவிடும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். மதுரையில் அதே நேரத்துக்கு இறங்கி வருவது வெளிச்சம். சத்தமே இல்லாமல் தெருவை நிரப்பிவிடுகிறது. நாய்கள், ஆட்டோக்கள், ஆட்டோக்களுக்குள் மடங்கிப் படுத்திருக்கும் ஓட்டுநர்கள் எல்லாரும் அதற்குள் மிதப்பதுபோல இருக்கும்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சபைப் போதகர். எங்கள் சபையின் தமிழ்ப் பிரிவு ஊழியர்களுக்காக ஒரு சின்னப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. அதில் பெண்ணியல் பாடம் ஒன்றைச் சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்தது. பாதிப் பேர் சேர்க்கலாம் என்றார்கள். மீதிப் பேர் கோப்பி குடிக்க எழுந்து போய்விட்டார்கள். கடைசியில், மதுரையில் ஓர் இறையியல் கல்லூரியில் இதை நெடுங்காலமாகச் சொல்லித் தருகிறார்கள், யாராவது போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும் என்று முடிவானது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பது ஒரு தகுதி. என் மனைவி பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் என்பது இன்னொன்று. நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

தங்க இடம் வில்லாபுரத்தில் கிடைத்தது. கல்லூரியில் பெண்ணியல் நடத்தும் டாக்டர் மேர்சிக்குத் தெரிந்த வீடு. மாடியில் எனக்கு ஓர் அறை. கீழே சாந்தாம்மாவும் அவர் கணவரும். சௌராஷ்டிரக் குடும்பம். என்னிடம் மதுரைத் தமிழ், தங்களுக்குள் சௌராஷ்டிரம். முதல் நாள் காலை நான் கீழே இறங்கி, எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். சாந்தாம்மா கரண்டியோடு நின்றுவிட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"காலைச் சாப்பாடு ஆச்சான்னு கேட்டேன். நாங்க அப்படித்தான் கேப்போம்."

"பசியாறிட்டீங்களா..." என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "நல்லா இருக்கே. நாங்க 'சாப்ட்டாச்சா'ன்னு கேட்டு முடிச்சிருவோம். பசி ஆறுச்சான்னு யாரு கேக்குறா?"

அன்று முள்ளுமுருங்கை வடை போட்டிருந்தார். பச்சைப் பசேலென்று, பூரி மாதிரி உப்பி, மேலே பொடி தூவி. மூன்றாவது வடையில் எனக்குக் கண் சொருகியது. கணவரிடம் சாந்தாம்மா சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். என்னவென்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "இந்த மனுஷன் முழிச்சிருக்கும்போது நல்லவராத் தெரியிறாருன்னு சொல்றா."

வகுப்பறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டிக்' என்றது. டாக்டர் மேர்சி உயரம் குறைவானவர். கைத்தறிச் சேலைக்குக் கீழே ஓடுவதற்கான ஷூ போட்டிருப்பார். அன்றைய பாடம், பேதுருவின் மாமியார் காய்ச்சலில் கிடந்ததும் இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும்.

"காய்ச்சல் விட்டதும் அந்தம்மா என்ன பண்ணுனாங்க?"

"வந்தவங்களுக்குப் பணிவிடை செஞ்சாங்க மேடம்" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"எம்புட்டு நேரம் கழிச்சு?"

"ஒடனே."

சிரிப்பு. அவன் விடவில்லை. "அது நன்றி மேடம். சுகம் கிடைச்ச சந்தோஷம்."

சன்னலோரம் இருந்த பெண் எழுந்தாள். ஒல்லியாக, நெற்றியில் வியர்வையோடு. "சந்தோஷம் இருக்கும் மேடம். ஆனா கால்ல தெம்பு இருக்குமா? எங்கம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு எந்திரிச்சா செவுத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க. இந்தம்மா எல்லாருக்கும் பரிமாறுனாங்க சரி. அவங்க சாப்புட்டாங்களான்னு ஒருத்தரும் எழுதலையே?"

அவள்தான் சுகந்தி, கடைசி வருட மாணவி.

டாக்டர் மேர்சி பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். ஊழியம். பணிவிடை. மூல மொழியில் இரண்டும் ஒரே சொல்தான் என்றார். அதே அதிகாரத்தில் சற்று முன்னால், வனாந்தரத்தில் தேவதூதர்கள் இயேசுவுக்குச் செய்ததற்கும் அந்தச் சொல்தான் வருகிறது. மாமியார் செய்ததற்கும் அதே சொல். "நம்ம தமிழ்ல தேவதூதர் செஞ்சா ஊழியம், மாமியார் செஞ்சா பணிவிடை. ஒருத்தருக்குப் பட்டம் குடுப்போம், ஒருத்தருக்குக் கரண்டி குடுப்போம். யாருக்கு எதுன்னு யாரு முடிவு பண்ணுனா? அதைத்தான் இந்தப் பாடத்துல கேக்குறோம்." கையாலேயே பலகையைத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக் கையைச் சேலையில் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை மனைவியிடம் தொலைபேசியில் இதை விவரமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தாள். "இதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க? அடுப்படிக்கு வந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே."

மறுநாள் சிம்மக்கல்லில் ஒரு கடையில் பருத்திப்பால் குடித்தேன். கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து வயிற்றில் கதகதவென்று இறங்கியது. அது போதுமே தூக்கத்துக்கு. வில்லாபுரம் போகும் பேருந்து என்று நினைத்து ஒரு நகரப் பேருந்தில் ஏறினேன். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்திருந்தது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாத பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"எங்கிட்டுக்கா போற?"

"எங்கிட்டும் இல்ல. சும்மா ஒரு சுத்து. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போவேன், அப்படியே திரும்பி வாரேன்."

"என்னத்துக்கு?"

"வீட்டுல உக்காந்தா யாராச்சும் எதாச்சும் கேட்டுக்கிட்டே இருப்பாக. தண்ணி குடு, துண்டு எங்க, சாவி எங்க. பஸ்ஸுல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. காத்து வருது."

இரண்டாமவர் சற்று யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அவரும் தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை.

நானும் இறங்கவில்லை. தூங்கிவிட்டேன். நடத்துநர் தோளைத் தட்டியபோது காளவாசல். சந்திப்பின் நாலு பக்கமும் வாகனங்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமிக்கொண்டிருந்தன.

"எங்க சார் எறங்கணும்?"

"வில்லாபுரம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெக்க போகணும்னா மேக்க வந்திருக்கீங்களே சார். எறங்கி எதுத்தாப்ல நில்லுங்க. ஏறுனதும் தூங்கிராதீக."

ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் கிராமச் சபைகளுக்குப் பயிற்சிக்குப் போவார்கள். "நீங்க சுகந்தியோட போங்க" என்றார் டாக்டர் மேர்சி. "வகுப்புல கேட்டதெல்லாம் பாதிதான்."

திருமங்கலம் தாண்டிய கிராமம். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். நகரம் முடிந்ததும் சமவெளி ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கரிசல், நடுவில் சாலை, எட்டத்தில் பனைகள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மலை பார்த்தே வளர்ந்த கண்ணுக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் அகப்படவில்லை. பார்வை போய்க்கொண்டே இருந்தது.

சுகந்தியிடம், படிப்பு முடிந்தால் போதகர் ஆக்கிவிடுவார்களா என்று கேட்டேன்.

"ஆக்கலாம் ஐயா. ஆனா பொதுவா பெண்கள் ஐக்கியத்துக்குப் போட்ருவாங்க. இல்லைன்னா ஹாஸ்டல் வார்டன். சபை கிடைக்கிறது கஷ்டம்." பிறகு, "இந்த ஊர் மூப்பர் என்னைப் பத்தி நல்லபடியாச் சொன்னா கொஞ்சம் வழி இருக்கு. அவரு சொன்னா மேல கேப்பாங்க" என்றாள். சபை மூப்பர் என்றால் ஊர்ச் சபையின் பெரியவர். போதகரை இங்கே ஐயர் என்பார்கள்; அவர் இல்லாத நாட்களில் எல்லாம் மூப்பர் பொறுப்புதான்.

அந்த மூப்பர் தேவராஜ் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய, கனத்த உடம்பு. வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஆராதனை இல்லம்மா இன்னைக்கி. நம்ம சாமுவேல் சம்சாரம் பாக்கியம் விடியக்காலம் தவறிருச்சு. ஐயருக்குப் போன் போட்டேன். அவரு கன்னியாகுமரிப் பக்கம் போயிருக்காரு, நாளைக்கும் வர முடியாதாம். சுகந்தியையே நடத்தச் சொல்லிட்டாரு."

சுகந்தியின் முகம் வெளுத்தது. "அண்ணே, நான் இதுவரைக்கும் அடக்க ஆராதனை நடத்துனதில்ல."

"எல்லாத்துக்கும் மொத நாளுன்னு ஒண்ணு இருக்கும்ல? தைரியமா நடத்துங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்." அவர் அதை அன்பாகவே சொன்னார். இதை நான் குறித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கெட்டவர் இல்லை.

சாவு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். யாரோ என் கையில் கடுங்காப்பி கொடுத்தார்கள். பால் இல்லாமல், வெல்லம் போட்டு. பாக்கியத்துக்கு நெடுநாள் வியாதி என்று தெரிந்துகொண்டேன். ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகள் செல்வி. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, தாயைத் தூக்கியும் நடத்தியும் ஊட்டியும் பார்த்திருக்கிறாள். இப்போது பெட்டியின் பக்கத்தில் அழாமல் உட்கார்ந்து, தாயின் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய அத்தை ரோசம்மா, சாமுவேலின் தங்கை, அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார். உண்மையில் தாங்கல் அத்தைக்குத்தான் தேவைப்பட்டது. சாமுவேல் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, யார் வந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

சுகந்தி ஆரம்பித்தபோது குரல் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. பாக்கியம் யார், எப்படிப் பாடுவார், கோயில் வாசலைப் பெருக்கும்போது யாரைத் திட்டுவார் என்றெல்லாம் சொன்னாள். சிலர் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். தேவராஜ் என் காதருகே குனிந்து, "நல்லா நடத்துதுல்ல?" என்றார் பெருமையாக.

பிற்பகல் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் சிலுவை, அதன் பின்னால் சுகந்தி, பிறகு பெட்டி, அதை ஒட்டி ஆண்கள், அதற்கும் பின்னால் பெண்கள். செல்வி மட்டும் பெண்களோடு இல்லை. பெட்டியின் ஓரத்தில் ஒரு கை வைத்தபடி நடந்தாள். கண்மாய்க் கரைமேல் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், அடியில் கொஞ்சம், வெள்ளித் தகடு மாதிரி. மறுபக்கம் வயல். பாட்டு காற்றில் முன்னும் பின்னுமாகப் போனது. பின்னால் இருப்பவர்கள் முதல் அடியை முடிக்கும்போது முன்னால் இரண்டாம் அடி முடிந்திருந்தது. வெயிலில் எல்லாரும் சற்றே தரைக்கு மேலே நடப்பதுபோலத் தெரிந்தார்கள். நான் தூக்கத்தில் இருக்கிறேனா என்று ஒருமுறை சந்தேகமாக இருந்தது.

கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓட ஒரு கலுங்கு கட்டியிருந்தார்கள், தாழ்வான சிமெண்டுச் சுவர். அந்த இடம் வந்ததும் பெண்களின் அழுகை ஒரேயடியாக உயர்ந்தது. உயர்ந்து, நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர்கள் எல்லாரும் நின்றுவிட்டிருந்தார்கள். ரோசம்மா ஓடி வந்து செல்வியின் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

"இம்புட்டுதான்த்தா. இதுக்கு மேல நாம போகக்கூடாது."

எங்கள் ரப்பர்த் தோட்டப்புறங்களிலும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது தைப்பிங்கில் எல்லாரும் ஒரே வேனில் ஏறிக் கல்லறைக்குப் போகிறோம்; என் மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநருக்கு வழி சொல்வாள். இங்கே கோடு கலுங்கில் இருந்தது. எதிர்ப்பக்கம் முள்மரங்களுக்கு நடுவே சில சிலுவைகள் தெரிந்தன. அவ்வளவு கிட்டத்தில்.

"விடு அத்தே" என்றாள் செல்வி. "இம்புட்டு நாளும் நாந்தான் தூக்குனேன், நாந்தான் குளிப்பாட்டுனேன். காலையில சேலை கட்டிவிட்டதும் நாந்தான். அதுக்கெல்லாம் ஆனேன், இதுக்கு மட்டும் ஆகமாட்டேனா?"

"வழக்கம்த்தா அது. நானும்தான் போனதில்ல. யாரும்தான் போனதில்ல."

முன்னால் போய்க்கொண்டிருந்த சுகந்தி திரும்பினாள். என்ன நடக்கிறது என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது. தேவராஜ் அவளிடம், "நீங்க வாங்கம்மா. நேரமாகுது" என்றார்.

"அவுக வரலையாண்ணே?"

"பொம்பளைக இதோட திரும்பிருவாக. நீங்க வரலாம். நீங்க ஐயர் ஸ்தானத்துல வந்திருக்கீக. உங்களுக்கு அது கணக்கில்ல."

சுகந்தி கலுங்கையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆண்களுக்கு நடுவே நடந்து, பெட்டியைத் தாண்டி, பெண்களோடு போய் நின்றாள்.

"ஸ்தானம் குடுத்தீங்க, சந்தோஷம்ணே. ஆனா நானும் பொம்பளதான். இவுக வரக்கூடாதுன்னா நானும் வரக்கூடாது."

"என்னம்மா இது? நீங்க வரலைன்னா யாரு அடக்கம் பண்றது?"

"நான் வாரேண்ணே. இவுகளும் வரட்டும். இயேசுவோட கல்லறைக்கு மொதல்ல போனதே பொம்பளைகதான? ஈஸ்டர் விடியக்காலம் கோயில்ல வருஷா வருஷம் வாசிக்கிறோமே."

"அது எருசலேம்மா" என்றார் தேவராஜ். "இது நம்ம கம்மா."

யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பெட்டியைச் சுமந்தவர்களுக்குத் தோள் கடுத்தது. கரைமேல் இறக்கி வைத்தார்கள். வெயில் நேராகப் பெட்டிமேல் விழுந்தது.

அப்போது தேவராஜ் என் பக்கம் திரும்பினார். கை கூப்பினார். "ஐயா, நீங்க மலேசியாவுல பட்டம் வாங்குன போதகர். கர்த்தர்தான் உங்களை அனுப்பியிருக்காரு. நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணி மண்ணைப் போட்டுருங்க. சுகந்தி தங்கச்சி இங்கனயே நிக்கட்டும், யாருக்கும் வருத்தமில்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுகந்தி மட்டும் பார்க்கவில்லை. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுடைய வேலை இந்த மனிதரின் ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். செத்தவரைப் புதைக்க வேண்டும் என்பதும் தெரியும். அடக்க ஆராதனை முழுவதும் எனக்கு மனப்பாடம். நான் போய் முடித்திருந்தால் கால்மணி நேரத்தில் எல்லாரும் வீடு திரும்பியிருக்கலாம். 'சரி' என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"நான் துணைக்கு வந்தவன் அண்ணே" என்றேன். "இது அவங்க நடத்துற ஆராதனை. அவங்க எங்க நிக்கிறாங்களோ அங்கதான் நானும் நிக்க முடியும்." குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கால்களை நகர்த்திக் கலுங்கின் இந்தப் பக்கம், பெண்கள் அருகே போய் நின்றேன். சுகந்தி அப்போதும் திரும்பவில்லை. ஆனால் அவள் தோள் சற்று இறங்கியதைக் கண்டேன்.

தேவராஜுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் செல்வி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அத்தையின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, கலுங்கின்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, முள்மரங்களைப் பார்த்து நடந்தாள். வேகமாகக்கூட இல்லை. கடைக்குப் போகிறவள் மாதிரி.

"ஏத்தா! ஏய் செல்வி!" என்று கூப்பிட்டார் தேவராஜ். அவள் திரும்பவில்லை.

"புத்தி கெட்டுப் போகுது அது" என்று ரோசம்மா பதறினார். "இருங்கண்ணே, நான் போயி கூட்டியாரேன்." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கலுங்கைத் தாண்டி ஓடினார்.

ஓடியவர் செல்வியைப் பிடித்தார். தோளில் கை போட்டார். இரண்டு பேரும் ஏதோ பேசுவது தெரிந்தது. பிறகு இரண்டு பேருமாக நடந்தார்கள், முன்பக்கமாகவே.

"மதினியையும் காணோம் பாரு" என்றார் பெண்கள் கூட்டத்தில் ஒருவர். "இருங்க, நான் கூட்டியாரேன்." அவரும் போனார். "அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாதே, முள்ளுல விழுந்துருவா" என்று இன்னொருவர் அவருக்குப் பின்னால் போனார். அவரைக் கூட்டிவர அவருடைய அக்கா போனார். "நானும் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்." "இந்தா, இரு, நானும்." சேலைகள் ஒவ்வொன்றாகக் கலுங்கின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கின. கூட்டிவரப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் கலுங்கின் இந்தப் பக்கத்தில் மிஞ்சிய பெண் சுகந்தி மட்டும்தான்.

சாமுவேல் பெட்டியின் பக்கத்தில் குத்த வைத்து, அதன்மேல் விழுந்த வெயிலைக் கையால் மறைத்தபடி, "எல்லாரும் அங்கிட்டுப் போயிட்டாக. நாம மட்டும் ஏன்ப்பா இங்க நிக்கிறோம்?" என்றார்.

தேவராஜ் நெடுநேரம் முள்மரங்களைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். "தூக்குங்கப்பா" என்றார். சுகந்தியைப் பார்த்து, குரலில் இன்னும் கடுப்போடு, "வாங்கம்மா. முன்னால போங்க" என்றார்.

குழியருகில் ஆராதனை ஒழுங்காக நடந்தது. மண் போடும் இடம் வந்தபோது ஆண்கள் பழகிய கையோடு ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டு விலகினார்கள். பெண்களுக்கு எவ்வளவு அள்ளுவது, எங்கிருந்து அள்ளுவது என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வி குனிந்து இரண்டு கை நிறைய அள்ளினாள்; கட்டிகளை விரலால் நசுக்கிப் பொடியாக்கி, சத்தம் கேட்காதபடி மெல்ல விட்டாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள். ஆண்கள் இரண்டாவது முறையாக வந்து, கட்டியை நசுக்கிப் போட்டார்கள்.

முடிந்ததும் கலைந்து போவார்கள் என்று நினைத்தேன். ஆண்கள் கிளம்பினார்கள். பெண்கள் கிளம்பவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு அங்கங்கே நடக்கத் தொடங்கினார்கள். சிலுவைகளில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். "இது எங்க சின்னையாவா?" "எங்கம்மாவ எங்கன வச்சாக?" என்று கேட்கும் குரல்கள் பல பக்கத்திலிருந்தும் வந்தன. அவர்களைப் பெற்றவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் கட்டியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். எந்த இடம் என்று இவர்களுக்குத் தெரியாது. போன ஆண்கள் திரும்பி வந்தார்கள். சிலர் கை காட்டினார்கள். சிலர் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தப் பக்கந்தான் எங்கயோ" என்றார்கள். ஒருவர் தன் மனைவியை ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போய், பிறகு சந்தேகப்பட்டு இன்னொரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். சுகந்தி புத்தகத்தை மூடி மார்போடு பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் செய்வதற்கு எதுவும் இல்லை. முதல் முறையாக அன்று அழுதாள்.

ரோசம்மா தேவராஜிடம் வந்தார்.

"அண்ணே, எம்பிள்ளைய நீங்கதான கையில தூக்கிட்டு வந்தீக?"

தேவராஜ் தலையாட்டினார்.

"எங்கன வச்சீக?"

அவர் யோசிக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. நேராக ஒரு கருவேலத்தைச் சுற்றிக்கொண்டு போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, முள்கிளையைக் கையாலேயே வளைத்துப் பிடித்தார். அங்கே மேடுகூட இல்லை. தரை மட்டமாக, புல் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல்.

"இந்தா, இங்கன. கல்லு நான் வச்சதுதான்."

ரோசம்மா உட்கார்ந்தார். காய்ந்த புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"எந்தப் பக்கம்ணே தலை?"

தேவராஜ் ஒரு கையால் முள்கிளையைப் பிடித்தபடி, மற்றக் கையால் மேற்கே காட்டினார். ரோசம்மா அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்து, தூங்க வைப்பதுபோல மெதுவாகத் தட்டத் தொடங்கினார்.